ஆகஸ்ட் 6 காலை 8:15: உங்கள் ஊரில் ஹிரோஷிமா நாள் நடத்துவது எப்படி

ஹிரோஷிமா நாள் கூட்டம் என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு பெரிய பேனர், மேடை நிறைய நாற்காலி, எதிரே அதைவிடக் குறைவான ஆட்கள், "உலக அமைதி ஓங்குக" என்று ஒரு கோஷம், அப்புறம் டீ, பிஸ்கட். இப்படித்தான் நடத்தப் போகிறீர்கள் என்றால் நடத்தாமலே இருந்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே சொல்லப் போவது வேறு மாதிரி: ஐந்தாறு பேர் சேர்ந்து, கையில் பெரிய பணம் இல்லாமல், ஒரு காலை நேரத்தில், ஒரு பள்ளியிலோ தெருமுனையிலோ செய்யக்கூடியது. ஒரே ஒரு அணுகுண்டு ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை நம்மூர்க்காரர் தன் ஊரை வைத்தே யோசித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. அது நடந்துவிட்டால் மிச்சத்தை அவரே யோசித்துக்கொள்வார், நாம் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் நாளும் நேரமும்

ஆகஸ்ட் 6 ஆடி மாதத்தில் வருகிறது. இதை மறந்துவிட்டு வேலையை ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். ஆடியில் ஊரிலுள்ள மைக் செட், பந்தல், சாமியானா எல்லாம் அம்மன் கோயில்களுக்குப் போய்விடும், அப்படியே ஒன்று கிடைத்தாலும் உங்கள் ஒரு நிமிட மௌனத்தின்போது அடுத்த தெருவிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரி குரல் வரும். அதனால் மைக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஐம்பது பேருக்குள் என்றால் மைக்கே வேண்டாம், தொண்டையே போதும். இன்னொன்று, காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மெழுகுவத்தி எம்மாத்திரம்? மாலையில் விளக்கு ஏற்றும் எண்ணம் இருந்தால் கொட்டாங்கச்சிக்குள் அகல் வையுங்கள், இல்லையென்றால் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் மெழுகுவத்தியை நிறுத்துங்கள்.

நேரம் காலை 8:15. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்தின் மேல் அமெரிக்கா போட்ட அணுகுண்டு வெடித்தது அந்த நேரத்தில்தான், இன்றும் அந்த நகரத்தில் அதே நிமிடத்தில் மணி அடித்து மௌனமாக நிற்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஜப்பானின் 8:15 நமக்கு விடிகாலை 4:45. யாராவது ஒரு கணக்கு வாத்தியார் இதைக் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும், நீங்கள் உள்ளூர் 8:15-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் தெருவில் இருக்கும் நேரம் அது, ஹிரோஷிமாவிலும் அப்படித்தான் இருந்தது.

அனுமதி

பள்ளிக்குள் என்றால் தலைமை ஆசிரியர், தனியார் பள்ளி என்றால் தாளாளர். 2024 செப்டம்பரில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவர் வந்து பேசியது பெரிய சர்ச்சையானதிலிருந்து, வெளியாட்களை மேடையேற்ற அரசுப் பள்ளிகள் ரொம்பவே தயங்குகின்றன, அது நியாயமும்கூட. எனவே நீங்கள் போய்ப் பேசுவதாகக் கேட்காதீர்கள். அறிவியல் ஆசிரியரோ வரலாற்று ஆசிரியரோ நடத்தட்டும், நீங்கள் காகிதமும் படங்களும் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றால் போதும். தலைமை ஆசிரியர் "இதெல்லாம் அரசியல் ஆகிடுமே சார்" என்று இழுத்தால், ஆகஸ்ட் 6-ஐ ஒட்டி நம் மக்களவையிலேயே ஹிரோஷிமா, நாகசாகியில் இறந்தவர்களுக்காக உறுப்பினர்கள் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தும் வழக்கம் உண்டு என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

தெருவில் என்றால் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். சென்னையில் மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி குறைந்தது ஐந்து நாள் முன்னதாகக் கொடுக்கச் சொல்வார்கள், மாவட்டங்களிலும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. மனுவில் இடம், நேரம், எத்தனை பேர், என்ன செய்யப் போகிறோம் என்பது மட்டும் இருக்கட்டும். "ஏகாதிபத்தியத்தின் கோரமுகத்தை" என்றெல்லாம் அதில் எழுதினால் ரைட்டர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு உங்களையே ஏற இறங்கப் பார்ப்பார். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துத் தனிப்பிரிவு ஏட்டு போன் செய்து எந்தக் கட்சி, யார் யார் பேசுகிறார்கள் என்று கேட்பார். அது அவர் வேலை, பதறாமல் பெயர்களைச் சொல்லிவிடுங்கள். பேசாமல் மௌனமாக நிற்பதுதான் நிகழ்ச்சி என்றால் அதையும் சொல்லுங்கள், அவருக்கே நிம்மதியாக இருக்கும்.

மெரினா கடற்கரையை மறந்துவிடுங்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அங்கே கூட்டம் கூட விடுவதில்லை. அதே ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு அங்கே மெழுகுவத்தி ஏற்றப் போனவர்களில் நான்கு பேர் மீது குண்டர் சட்டமே பாய்ந்தது, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை உள்ளே இருந்தார்கள். அந்தச் சண்டை போட வேண்டியதுதான், ஆனால் முதல் வருடம் ஐந்து பேரை வைத்துக்கொண்டு போட வேண்டியதில்லை.

ஒரு வட்டம் போடுங்கள்

நிகழ்ச்சியின் உயிர் இதுதான். மற்ற எதற்கும் நேரமில்லை என்றாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

ஹிரோஷிமா குண்டின் பலம் சுமார் 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். தரையிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. கீழே சுமார் 2 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருந்தவை ஏறத்தாழ முழுவதும் இடிந்து எரிந்து போயின. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். இதை மைக்கில் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலுக்கு ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பதிலாக உங்கள் ஊர் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடியுங்கள், பேனர் அச்சடிக்கும் கடையிலேயே மூன்றடிக்கு மூன்றடி போட்டுத் தருவார்கள். பேருந்து நிலையத்தையோ பெரிய கோயிலையோ நடுவாக வைத்து அங்கே ஒரு குண்டூசி குத்துங்கள். வரைபடத்தின் அளவுகோலைப் பார்த்து 2 கிலோமீட்டருக்கு எவ்வளவு நீளம் வருகிறதோ அந்த நீளத்துக்கு நூலைக் குண்டூசியில் கட்டி, மறுமுனையில் பேனாவைக் கட்டி, ஒரு சுற்று. சந்தேகமாக இருந்தால் கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதியை வைத்து நாலு திசையிலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மதுரை என்றால் மீனாட்சி கோயிலை நடுவாக வைத்துப் பாருங்கள். மாசி வீதிகள், பெரியார் பேருந்து நிலையம், ரயில் நிலையம், வைகைப் பாலங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ராஜாஜி அரசு மருத்துவமனை எல்லாம் வட்டத்துக்குள் வந்துவிடும். மருத்துவமனையும் உள்ளே இருக்கிறது என்பதை ஆட்கள் தாங்களாகவே கவனிப்பார்கள், "அப்ப ஆஸ்பத்திரிக்கு எங்க போறது?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஹிரோஷிமாவில் குண்டு வெடித்ததே ஷிமா என்கிற மருத்துவமனைக்கு ஏறக்குறைய நேர் மேலேதான். நகரத்தில் இருந்த மருத்துவர்களிலும் தாதியரிலும் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள், இல்லாவிட்டால் காயம்பட்டார்கள். கிராமத்தில் செய்கிறீர்கள் என்றால் வட்டம் ஊரை விழுங்கி, ஏரியையும் தாண்டி அடுத்த ஊர் வயல்வரை போய்விடும். அங்கே இது இன்னும் அழுத்தமாக உறைக்கும்.

அப்புறம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பொட்டைக் கொடுத்து, "உங்க வீடு எங்க இருக்குன்னு ஒட்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள், வேறெதுவும் சொல்லாதீர்கள். தன் வீட்டைத் தேடும்போது ஆள் வரைபடத்துக்குள் போய்விடுவார். பிள்ளை படிக்கிற பள்ளி, கடை, மாமியார் வீடு என்று அடுத்தடுத்துத் தேடுவார். இதைவிட நல்ல பேச்சாளரை நான் பார்த்ததில்லை.

இப்போது இருக்கிற குண்டுகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை, அதற்கும் ஒரு வட்டம் போடலாமே என்று ஒருவருக்குத் தோன்றும். வேண்டாம். பெரிய வட்டம் வரைபடத்தையே மூடும்போது அது வெறும் கணக்காகிவிடுகிறது. உலகத்தில் இன்றைக்கு 12,000-க்கு மேல் அணுகுண்டுகள் இருக்கின்றன, பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் என்று வரைபடத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

காகிதக் கொக்கு

பள்ளி என்றால் கொக்கு இல்லாமல் முடியாது, பிள்ளைகளுக்குக் கை வேலை வேண்டும். சடாகோ சசாகி என்ற சிறுமியின் கதையைச் சொல்லித்தான் மடிக்கச் சொல்வீர்கள். குண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது, பத்து வருடம் கழித்து இரத்தப் புற்றுநோய் வந்து 1955 அக்டோபரில் 12 வயதில் இறந்தாள். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற ஜப்பானிய நம்பிக்கையில் மருத்துவமனைப் படுக்கையில் மருந்துக் காகிதத்தையெல்லாம் மடித்துக்கொண்டிருந்தாள். 644 மடித்ததும் இறந்துவிட்டாள், மிச்சத்தைத் தோழிகள் மடித்தார்கள் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது கதைப் புத்தகத்தில் வந்தது. அவள் ஆயிரத்தையும் தாண்டி மடித்தாள் என்றுதான் அவள் குடும்பத்தாரும் ஹிரோஷிமா அருங்காட்சியகமும் சொல்கிறார்கள். ஆயிரம் மடித்தும் பிழைக்கவில்லை என்பதுதான் உண்மை, பிள்ளைகளிடம் அதையே சொல்லலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களால் தாங்க முடியும்.

காகிதம் சதுரமாக இருக்க வேண்டும், 15 சென்டிமீட்டர் வசதியான அளவு. மாதக் காலண்டர் தாள் கெட்டி, நோட்டுத் தாள் நைந்துவிடும், நடுவாந்திரமான கலர் ஜெராக்ஸ் தாளை அச்சகத்தில் சதுரமாக வெட்டித் தரச் சொன்னால் ஒரே வெட்டில் கட்டுக் கட்டாகத் தந்துவிடுவார்கள். ஒரே நேரத்தில் அறுபது பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முயலாதீர்கள், வகுப்பு சந்தையாகிவிடும். முந்தின வாரமே எட்டு, ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுங்கள், அன்றைக்கு அவர்கள் ஆளுக்கு ஒரு பெஞ்சைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆயிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஒரு நூலுக்கு 40 வீதம் 25 சரம் கோர்ப்பார்கள். நூறு மடித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

படங்கள்

வாட்ஸப்பில் வருகிற படத்தை அப்படியே அச்சடிக்காதீர்கள். ஹிரோஷிமா என்று சுற்றுகிற காளான் வடிவப் புகைமேகப் படங்களில் நிறைய நாகசாகியுடையவை, அல்லது பிற்காலத்தில் அமெரிக்கா பசிபிக் தீவுகளிலும் நெவாடா பாலைவனத்திலும் செய்த சோதனைகளுடையவை. ஒரு படம் தப்பு என்று ஒரே ஒருவர் கண்டுபிடித்தாலும் மொத்தக் கண்காட்சியும் பொய் என்று பேச ஆரம்பித்துவிடுவார். கருகிய உடல்களின் படம் சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் கூடவே கூடாது. அதற்குப் பதிலாகத் தப்பிப் பிழைத்தவர்களே வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. 1974-ல் ஒரு முதியவர் தான் பார்த்ததைப் படமாக வரைந்து ஜப்பானின் என்.ஹெச்.கே. ஒலிபரப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார், அதிலிருந்து மற்றவர்களும் வரைந்து அனுப்பத் தொடங்கினார்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்தது. ஓவியம் தெரியாத சாதாரண ஆட்கள் வரைந்தவை, அதனாலேயே பார்க்கிறவரைப் பிடித்து நிறுத்தும்.

ஒரே ஒரு படம் வைக்கச் சொன்னால் நான் அந்த டிபன் பாக்ஸைத்தான் வைப்பேன். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உள்ளே சோறு கரிக்கட்டையாகி. அதைக் கொண்டுபோன மாணவன் நடுநிலைப் பள்ளி முதலாம் ஆண்டு. அன்று காலை அவன் வகுப்பில் இல்லை. விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துத் திறந்தவெளி உண்டாக்கும் வேலைக்கு அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளை இறக்கியிருந்தது, அவனும் அங்கே போயிருந்தான். அப்படித் திறந்தவெளியில் நின்றிருந்த பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் அன்றே இறந்தார்கள். குண்டைப் போட்டது அமெரிக்கா, பிள்ளைகளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது அவர்கள் சொந்த நாட்டின் ராணுவ அரசு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது அமெரிக்க எதிர்ப்புக் கூட்டமாகவோ ஜப்பான் அனுதாபக் கூட்டமாகவோ போய்விடும்.

யார் பேசுவது

இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்குப் பத்து நிமிடம். உங்கள் ஊர் மருத்துவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். உலக அமைதி பற்றி அவர் பேச வேண்டாம், தீக்காயம் பற்றி மட்டும் பேசட்டும்: உடம்பில் பாதி வெந்து ஒருவர் வந்தால் எத்தனை பாட்டில் திரவம் ஏற்ற வேண்டும், எத்தனை நாள், எத்தனை பேர் கூட இருக்க வேண்டும், நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தீக்காய வார்டில் எத்தனை படுக்கை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை மாதிரி ஓர் இடமே ஒரு பட்டாசு ஆலை விபத்தில் திணறிப்போகும் என்று அவர் சாதாரணமாகச் சொல்லும்போது கேட்பவருக்குப் புரிந்துவிடும். இன்னொருவராகத் தமிழாசிரியரைக் கூப்பிடலாம், ஆனால் தலைப்பை நீங்களே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புறமுதுகு காட்டிய மகனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுப்பேன் என்ற தாயிடம் போய்விடுவார். உறையூரை முற்றுகையிட்ட சோழனிடமும் உள்ளே அடைபட்டிருந்த சோழனிடமும், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று சொன்ன புலவரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். சண்டையை நிறுத்தச் சொல்கிற குரல் நம்மிடம் இரண்டாயிரம் வருடப் பழசு.

கட்சிக்காரர்கள் வரட்டும், நிற்கட்டும், பேச வேண்டாம். ஒரு கட்சிக் கொடி வந்தால் அடுத்த வருடம் மற்றவர்கள் வரமாட்டார்கள். உறுதிமொழியும் வேண்டாம் என்பது என் கருத்து. நம் பள்ளிகளில் எதற்கெடுத்தாலும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கையை நேராக நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்குகிறார்கள், போருக்கு எதிரான நிகழ்ச்சியை அணிவகுப்பு மாதிரி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 8:15-க்கு மணி, ஒரு நிமிடம் மௌனம், அவ்வளவுதான்.

வரும் கேள்விகள்

இதற்குத்தான் முன்கூட்டியே உட்கார்ந்து தயாராக வேண்டும், நிகழ்ச்சியைக் கெடுப்பது பெரும்பாலும் கேள்வி கேட்பவர் இல்லை, கோபப்படுகிற நம் ஆள்.

"ராணுவத்துக்கு எதிராப் பேசுறீங்களா?" இது முதலில் வரும். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்த அம்மாக்களுக்கு ராணுவம் என்றால் மாதச் சம்பளம், பென்ஷன், கேன்டீன் அட்டை, அப்புறம் நடுராத்திரியில் போன் அடித்தால் வரும் பயம். அவர்கள் முன்னால் ராணுவத்தைத் திட்டுவது மடத்தனம், தேவையும் இல்லை. சிப்பாய் வேறு, எதற்கெடுத்தாலும் ராணுவம்தான் தீர்வு என்கிற புத்தி வேறு என்று சொல்லுங்கள். ஓய்வுபெற்ற ராணுவத்தினர் ஒருவரை முன்வரிசையில் உட்கார அழையுங்கள், அவர் பேச விரும்பினால் பேசட்டும். போரை நேரில் பார்த்தவர்கள் டி.வி. விவாதக்காரர்கள் அளவுக்குப் போருக்குத் துடிப்பதில்லை.

"அப்துல் கலாமே செஞ்சதுதானே?" தமிழ்நாட்டில் இதைத் தவிர்க்கவே முடியாது, பாதிப் பள்ளிச் சுவர்களில் அவர் படம் இருக்கிறது, 1998 மே 11, 13 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. அவரைக் குறை சொல்லி ஜெயிக்க முடியாது, நழுவினாலும் மரியாதை போய்விடும். ராமேசுவரத்திலிருந்து ஒரு பையன் படித்து மேலே வந்ததை மதிக்கிறோம், குண்டு விஷயத்தில் அவரோடு உடன்படவில்லை என்று நேராகச் சொல்லிவிடலாம். ஒருவரை மதித்துக்கொண்டே மறுக்கலாம் என்று பிள்ளைகள் பார்ப்பது நல்லதுதான்.

"குண்டு இருந்தாத்தான் பாகிஸ்தான்காரன் பயப்படுவான்." 1998 மே மாதம் நாம் வெடித்தோம், அதே மாதம் 28, 30 தேதிகளில் அவர்களும் வெடித்தார்கள். சரியாக அடுத்த வருடமே கார்கில். இரண்டு பக்கமும் குண்டு இருந்தும் போர் வந்தது, நம் பக்கம் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீரர்கள் செத்தார்கள். இதற்குமேல் வாதத்தை நீட்டாதீர்கள். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை, அதைக் கைவிடக் கூடாது என்று கேட்பதில் என்ன தேசத்துரோகம் என்று மட்டும் கேளுங்கள்.

இதோடு சேர்ந்து வருவது பட்ஜெட். 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி, கல்விக்குச் சுமார் 1.28 லட்சம் கோடி என்று தட்டியில் எழுதத் தோன்றும். எழுதினால், கல்விச் செலவின் பெரும்பகுதி மாநில அரசுகளுடையது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்வார், அவர் சொல்வது சரி. அதனால் அந்த ஒப்பீட்டை விட்டுவிடலாம், வலுவில்லாத வாதத்துக்கு மேடை கொடுக்க வேண்டாம்.

"இதெல்லாம் கம்யூனிஸ்ட் வேலை." இதற்கு ராஜாஜிதான் பதில். கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்று சொன்னவர். அதே ராஜாஜி 1962 செப்டம்பரில், 83 வயதில், வாஷிங்டனுக்குப் போய் ஜனாதிபதி கென்னடியை நேரில் பார்த்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டார். அடுத்த வருடம் ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வந்தது, இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. அவர் கேட்டதால்தான் வந்தது என்று பெருமையடிக்க வேண்டாம்.

கஷ்டமான கேள்வி இனிதான். "ஜப்பான்காரன் நம்ம ஆளுங்களைச் சாகடிச்சானே, அவனுக்காக எதுக்கு அழணும்?" இதைக் கேட்பவர் பெரும்பாலும் மலேசியாவில் சொந்தம் உள்ளவராக இருப்பார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை, அதாவது "மரண ரயில்", போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே செத்தார்கள், பெயர்கூடப் பதிவாகவில்லை. மிஞ்சியவர்களுக்கு 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த செய்தி எப்படி இருந்திருக்கும்? குண்டு விழுந்தது நல்லது என்று அவர்களில் ஒருவர் நினைத்திருந்தால் அவரைத் திருத்துகிற தகுதி எனக்கில்லை. அதனால் மரண ரயிலை நீங்களே முதலில் எடுத்துப் பேசிவிடுங்கள், கேள்வியாக வரும்வரை காத்திருக்காதீர்கள். அப்புறம் சொல்ல வேண்டியது: அந்தக் குண்டு மரண ரயில் போட்ட தளபதிகளைத் தேடிப் போகவில்லை. ஹிரோஷிமாவில் கொரியர்களும் பல்லாயிரக்கணக்கில் இருந்தார்கள், அவர்களில் பலர் ஜப்பான் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்தவர்கள், அவர்களும் எரிந்தார்கள். மலாயாவிலிருந்து அங்கே படிக்கப் போயிருந்த மாணவர்களில் இருவர் இந்தக் குண்டால் இறந்தார்கள். ஜப்பானால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் அது கொன்றது. முடிந்தால் மரண ரயிலுக்கும் ஒரு தட்டி வையுங்கள், கொக்குச் சரத்துக்குப் பக்கத்திலேயே.

"2009-ல எங்க போனீங்க?" ஈழம் வராத கூட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. அது வேறு விஷயம் என்று தள்ளினால் அரங்கமே எதிராகிவிடும். வேறு விஷயமும் இல்லை. இலங்கை அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள் மக்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு அங்கேயே குண்டு வீசினார்கள். கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அந்த அறிக்கை மக்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்ததாகவும் பிள்ளைகளைப் படையில் சேர்த்ததாகவும் புலிகள் மீதும் குற்றம் சாட்டியது, அதை விழுங்கிவிட்டுப் பேசினால் ஹிரோஷிமாப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். கூச்சல் வரும். வந்தாலும் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல்.

கூடங்குளத்தை ஒருவர் இழுத்தால், மின்நிலையம் தனிப் பேச்சு, அதற்குத் தனியாக ஒரு நாள் வைப்போம் என்று சொல்லி நிஜமாகவே வைத்துவிடுங்கள்.

முடிந்த பிறகு

வந்தவர்களின் பெயர், போன் எண் ஒரு நோட்டில் இருக்கட்டும், யார் கட்டாயமும் இல்லாமல். கொக்குச் சரங்களை ஹிரோஷிமாவுக்கே தபாலில் அனுப்பலாம், அந்த நகராட்சி வாங்கிப் பதிவு செய்துகொள்கிறது, ஆனால் அங்கே வருடத்துக்கு ஒரு கோடி அளவில் ஏற்கனவே குவிகிறது, தபால் செலவும் அதிகம். பள்ளி நூலகத்தில் தொங்கவிடுவதே மேல். வரைபடத்தை நூலகத்திலோ சலூனிலோ டீக்கடையிலோ ஒட்டக் கேட்டுப் பாருங்கள், பொட்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால் ஒரு மாதம் அது தன்னால் வேலை செய்யும்.

ஒன்பது நாளில் சுதந்திர தினம் வருகிறது. மாறுவேடப் போட்டியில் பாதிப் பிள்ளைகள் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு வருவார்கள். ஒத்துழைத்த ஆசிரியரிடம் அடுத்து ஒரு சின்ன வேண்டுகோள் வைக்கலாம்: துப்பாக்கி இல்லாத வேடத்துக்கும் ஒரு பரிசு. தடை போடச் சொல்லாதீர்கள், பரிசு மட்டும் கேளுங்கள், தலைமை ஆசிரியர்கள் இதற்கு எளிதில் சரி சொல்லிவிடுவார்கள்.

ஆறாம் தேதி மழையோ அனுமதிச் சிக்கலோ வந்து கெட்டுப்போனால் கவலை வேண்டாம், ஒன்பதாம் தேதி காலை 11:02 நாகசாகி நகரத்தின் மேல் இரண்டாவது குண்டு வெடித்த நேரம். கொக்கும் வரைபடமும் அப்படியே பயன்படும், தேதியையும் நேரத்தையும் மட்டும் மாற்றிய இன்னொரு மனுவை முதல் மனுவோடு சேர்த்தே கொடுத்து வையுங்கள், ஆறாம் தேதிக்குப் பிறகு ஐந்து நாள் அவகாசம் இருக்காது.